முப்பத்திரண்டு டக்

டயர் ரோட்டில் உருளும் சத்தத்தைக் கேட்டே, காற்று எத்தனை பவுண்டு குறைகிறது, ஓட்டுகிறவன் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினானா இல்லையா என்பதை நான் சொல்லிவிடுவேன். ஒருமுறை தூக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். டோபின் ஊரில் இதை நம்புகிறவர் யாரும் இல்லை. வெர்ஜில் ப்ரூயிட், அதாவது நான், சொல்வது எதையுமே யாரும் நம்புவதில்லை. இப்போது எனக்கு வந்திருக்கும் சிக்கலே அதுதான்.

வேட் டாலிவரின் வண்டி கவிழ்ந்தது என் வேலை என்று எங்கள் வட்டாரப் போலீஸ் அதிகாரி ஷெரீப் கார்ஸாவிடம் இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டேன். முதல் இரண்டு தடவையும் அவர் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

"பெரிசு, போன மாசம் நீங்க பிடிச்ச கெளுத்தி மீன் படகை விட நீளம்னு சொன்னீங்க. மொதல்ல அது மேல ஒரு கேஸ் எழுதி முடிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க."

நாற்பத்தோரு வருடம் நெடுஞ்சாலை ஓரத்து டயர் கடையில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்கள் விடவில்லை. பிக்கப் வண்டியை ஆறு அங்குலம் தூக்கி உயரமாக்கிவிட்டு, எந்த ரிம், எந்த டயர் என்று கேட்டு என் வீட்டு வாசலில் நிற்பார்கள். பெண் பார்க்கப் போகிறவனுக்குக்கூட அவ்வளவு வெட்கம் இருக்காது. பாதிப் பேருக்கு மாடு மேய்க்கிற ரோட்டைத் தாண்டி வேறு ரோடே தெரியாது. எல்லோருக்கும் இமயமலை ஏறுகிற டயர் வேண்டும்.

வேட் வந்தது மார்ச் மாதத்தில்.

"முப்பத்தேழு அங்குலம் வேணும். சேத்துல போற பட்டை டயர்" என்றான்.

"உன் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவுல எங்கய்யா சேறு இருக்கு? அந்த டயர் ரோட்டுல ஏரோப்ளேன் எறங்குற மாதிரி கத்தும். உன் பொண்டாட்டி டார்லீன் பாதி வழியில எறங்கி நடந்துடுவா."

"அப்ப என்னதான் போடச் சொல்ற?"

"முப்பத்தஞ்சு போதும். ரோட்டுக்கும் ஆகணும், மண்ணுக்கும் ஆகணும். பத்து அடுக்கு ரகம், உன் வண்டி கனத்துக்கு அதுக்குக் கீழ போகாத. ரிம் பதினெட்டு. இருவது போட்டா மினுக்கும், ஆனா ஒவ்வொரு பள்ளத்துலயும் உன் முதுகெலும்பை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக் காட்டும். சக்கரம் கட்டை விரல் அகலத்துக்கு மேல வெளிய துருத்தக் கூடாது. துருத்துனா பின்னால வர்றவன் கண்ணாடிக்குக் கல்லடி."

அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். பிறகு போனில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். என் எதிரிலேயே. "எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்க. அதிசயமா இருக்கே" என்றான்.

சரியாகத்தான் சொன்னேன். அந்த வண்டிக்கு அதைவிடப் பொருத்தமான சக்கரத்தை டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் யாரும் காட்ட முடியாது. தொழிலில் நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

புதுச் சக்கரம் மாட்டினால் ஐம்பது மைல் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். புது ரிம்மின் பெயிண்ட் அழுந்தும், நட்டு தளரும். எங்கள் ஊரில் இது ஒரு சின்னத் திருவிழா. இருபத்தைந்து மைல் தள்ளி இருக்கும் ஊருக்குப் போய்ப் புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் கணக்கு சரியாக ஐம்பது. நேராகக் கடைக்குப் போய் இறுக்கிக்கொள்வார்கள். வேட் கறி சாப்பிட்டுத் திரும்பியது ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. நான் இருக்கிறேனே, வா என்றேன்.

எண்ணில் திருப்பி வைத்த பலம் வந்ததும் 'டக்' என்று சத்தம் போடுகிற டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. முறைப்படி ஒவ்வொரு நட்டையும் முதலில் மின்சார ஸ்பேனரால் தளர்த்தினேன், பிறகு இறுக்கினேன். நான் வழக்கம்போல் கதை அளந்துகொண்டிருந்தேன்; வேட் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினான். சக்கரத்துக்கு எட்டு நட்டு, நான்கு சக்கரம். முப்பத்திரண்டு டக். திருப்தியாக நோட்டை மூடி, டார்லீன் சுட்டுக் கொடுத்தனுப்பிய பீச் பழப் பலகாரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த நட்டுக்கு நூற்று நாற்பது பவுண்டு பலம் வேண்டும். நான் ரெஞ்சை நாற்பதில் வைத்திருந்தேன். நாற்பதிலும் அது டக் என்றுதான் சொல்லும்.

ஏன் என்று கேட்பீர்கள். காரணம் சின்னதுதான். ஊர் ஓட்டலில் காலை மேசையில் நாங்கள் எட்டுப் பேர் உட்காருவோம். நான் கதை சொல்வேன், வேட் திருத்துவான். மீன் பதினோரு பவுண்டுதான், நான்தான் எடை போட்டேன் என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன இலையுதிர் காலத்தில் என் மனைவி ஜூன் செத்த கதையைச் சொன்னேன். கடைசி நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'சாப்பிட்டியா' என்று என்னைக் கேட்டதாகச் சொன்னேன். வேட் முட்டைக்கு மிளகுத்தூள் தூவிக்கொண்டே சொன்னான்.

"நீ அங்க இல்லயே, வெர்ஜில். ஜூன் உன்னை விட்டுட்டு ரெண்டு வருஷமா அவ அக்கா வீட்டுலதானே இருந்தா. அவ சவப்பெட்டியை நான் தூக்கினேன். நீ புதைச்சப்புறம்தான் வந்த."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. ஒருவர் இருமினார். இன்னொருவர் பில் கேட்டார்.

நட்டு இறுக்கிப் பதினோரு நாள் கழித்து நெடுஞ்சாலையில் இடது முன் சக்கரம் வண்டியை விட்டுத் தனியே முன்னால் ஓடியது. வண்டி மூன்று சுற்று சுற்றியது. வேட்டுக்குத் தோள் எலும்பு போனது. டார்லீன் அங்கேயே செத்துப்போனாள்.

அவளோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை. நல்ல பெண். ரிம்முக்குச் செம்பு நிறம் அவள் தேர்ந்தெடுத்ததுதான். பேத்தியைப் பார்க்க முன் சீட்டில் தான்தான் வரப்போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள். வண்டியின் அவ்வளவு உயரத்துக்கு அவளால் ஏற முடியவில்லை. அவள் பக்கத்துக் கதவுக்குக் கீழே ஒரு கால்படி நானே வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அதன் போல்ட்டுகளை முழு பலத்தில் இறுக்கினேன். வண்டி நசுங்கிய பிறகும் அந்தப் படி மட்டும் அசையவில்லை என்று கார்ஸாவே சொன்னார்.

இப்போது வேட் சாப்பிடுவதில்லை. 'நான் வண்டியைத் தூக்காம இருந்திருந்தா அவ இருந்திருப்பா' என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்கிறான். தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிறான். அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அவன் மனது ஆறட்டும் என்றுதான் ஷெரீப் ஆபீசுக்கு வந்தேன். வேறு நோக்கம் இல்லை.

மூன்றாவது தடவை கார்ஸா, வேட் டாலிவரையே வரவழைத்தார். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

"கார்ஸா, இவன் வாயை நம்பாதீங்க. பக்கத்துல நின்னு நான் எண்ணினேன். முப்பத்திரண்டு. எனக்கு எண்ணத் தெரியாதா?" பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏன்யா, என் பொண்டாட்டி சாவுலயும் உனக்கு ஒரு கதை வேணுமா?"

நான் ரெஞ்சை மேசைமேல் வைத்தேன். அது நாற்பதில் நின்றது.

"வீட்டுலேர்ந்து வரும்போது திருப்பி வச்சிருப்ப" என்றான் வேட்.

கார்ஸா எங்களை வெளியே கூட்டிப் போனார். அவருடைய வண்டியும் எட்டு நட்டு வண்டிதான். ரெஞ்சை நூற்று நாற்பதுக்குத் திருப்பி என் கையில் கொடுத்தார். "சரியான பலத்துல இறுக்கிக் காட்டுங்க, பெரிசு. உங்களால முடியுதான்னு பாப்போம்."

முதல் நட்டுக்கே என் இரண்டு கையும் இடுப்பும் வேண்டியிருந்தது. இரண்டாவதுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. எனக்கு எழுபத்து மூன்று வயது.

வேட் சக்கரத்தைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு இறுக்கும்போது ஒரு கதை சொன்னியே" என்றான். "ஆலங்கட்டி மழை. கன்னுக்குட்டி சைசுல விழுந்துச்சுன்னு. அதை இப்பச் சொல்லு."

மூன்றாவது நட்டில் சாய்ந்து நின்றபடி வாயைத் திறந்தேன். மூச்சுதான் வந்தது. வார்த்தை வரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக என்னிடம் கதை இல்லை.

வேட் நல்ல கையால் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான். பிறகு கார்ஸாவைப் பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையையும் எடை போட்டுச் சொன்னான்.

"முப்பத்திரண்டு நட்டுக்கும் இவன் வாய் ஒரு நிமிஷம் மூடல. மூச்சு வாங்கல. வேர்க்கக்கூட இல்ல. நான் டக்கைத்தான் எண்ணினேன், ஆளைப் பாக்கல." கதவிலிருந்து கையை எடுத்தான். "நடந்துச்சு, கார்ஸா. இவன் சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு."

நான் காத்துக்கொண்டே நின்றேன். அவன் எதையும் திருத்தவில்லை.