கதவு இல்லாத அலமாரி

— ஐயோ, நிஜமாவே கழட்டறியா? நீ ஏதோ பேச்சுக்குச் சொல்றேன்னு நினைச்சேன்!

— பேச்சுக்கு யாராவது ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வருவாங்களா அண்ணி? இந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க, கால்ல விழுந்துடப் போகுது.

— வாலு, உங்க அண்ணன் வந்து பாத்தா வீடே ரெண்டாயிடும். பாத்துப் பாத்துச் செஞ்ச அலமாரி. கதவுல கைரேகை பட்டாலே துணி எடுத்துட்டு வந்துடுவார்.

— வரட்டும். இந்தச் சமையலறையில அவர் ஒரு டம்ளர் தண்ணிக்கு மேல ஏதாவது எடுத்திருக்காரா? உள்ள என்ன இருக்குன்னு பாக்காம சொல்லுங்க பாப்போம்.

— உப்பு, சர்க்கரை... அப்புறம்... என்னவோ இருக்கு போ.

— நான் சொல்றேன். நாலு உப்புப் பாக்கெட், நாலும் பிரிச்சது. சோப்புத்தூள் ஒரு கடைக்கே போதும். மூடின கதவுக்குப் பின்னாடி இருக்கறது நம்ம ரெண்டு பேருக்கும் உலகத்துலயே இல்ல அண்ணி. தீந்துபோச்சுன்னு நினைச்சு மறுபடி வாங்கிட்டு வந்துடுவோம். கதவு இல்லன்னா கண்ணுல படும். கண்ணுல பட்டா ஞாபகம் இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

— பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?

— என் வீட்ல துணி அலமாரிக்கும் கதவு கிடையாது. திருடன் வந்துட்டுப் போன வீடு மாதிரி இருக்குன்னு எதிர்வீட்டுக்காரம்மா சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும், என் பொருள் என் கைக்குக் கிடைக்குது. அட, இந்த ஸ்க்ரூ எங்க போச்சு? இப்பதானே கழட்டினேன்?

— உன் வாயில இருக்கு.

— ம்... ஆமா. பாத்தீங்களா, எனக்கும் ஒரு ஆள் வேணும்.

— சரி, நீ இதுக்காகத்தான் கடையை மூடிட்டு வந்தியா? ரிப்பேருக்குக் குடுத்தவங்க எல்லாம் போன் இல்லாம அலைவாங்களே.

— இல்ல. அண்ணன்தான் அனுப்பினார்.

— அவரா? எதுக்கு?

— "உங்க அண்ணிக்கு ஆஸ்பத்திரி கிச்சன்ல சூப்பர்வைசர் வேலை தர்றாங்களாம். அவ தாங்க மாட்டா. நீயும் அதே கேஸ்தானே, நீ சொன்னா கேப்பா, வேண்டாம்னு சொல்ல வை." இதான் அவர் சொன்னது. ஒரு எழுத்து மாத்தல.

— அதே கேஸா?

— அதே கேஸ். நமக்குக் கவனம் ஒரு இடத்துல நிக்காத ஏ.டி.எச்.டி.ன்னு டாக்டர் சொன்னது எங்க அண்ணனுக்கு இன்னும் ஏதோ போலீஸ் விவகாரம் மாதிரிதான் இருக்கு.

— அவரைக் குத்தம் சொல்லாதே. என்னைக் கட்டி மேய்க்கறது அவ்வளவு லேசு இல்ல. குப்பைப் பையை பஸ்ல ஏத்திட்டுப் போனவ நான்.

— எந்தப் பை?

— உனக்குத் தெரியாதா? காலைல அவசரத்துல சாப்பாட்டுப் பையைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு, குப்பைப் பையைக் கையில எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டேன். பஸ் முழுக்க மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறாங்க, நானும் சேந்து பொத்திக்கிட்டு, "யாருக்கும் அறிவே இல்ல"ன்னு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன்.

— அய்யய்யோ! அண்ணி, நிறுத்துங்க, கதவு கையை விட்டுப் போயிடும்!

— சிரி, சிரி. அவரும் எல்லார்கிட்டயும் இதைச் சொல்லிச் சிரிப்பார். விருந்தாளி வந்தா முதல்ல இந்தக் கதைதான்.

— அவர் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்ணில்ல. போன மாசம் உங்க ஆஸ்பத்திரி கிச்சன்ல ஸ்டீம் குழாய் உடைஞ்சுதே, அந்தக் கதையை அவர் யார்கிட்டயாவது சொல்லியிருக்காரா?

— அது என்ன பெரிய கதை.

— எனக்குச் சொல்லுங்க. நான் கதவு கழட்டறேன், நீங்க பேசுங்க.

— திடீர்னு குழாய் வெடிச்சு கிச்சன் முழுக்க ஆவி. எதிர்ல நிக்கறவங்க முகம் தெரியல. எல்லாரும் கத்தறாங்க, சூப்பர்வைசர் வெளிய ஓடிட்டார். எனக்கு என்னவோ... எப்பவும் தலைக்குள்ள ஓடற சத்தம் பட்டுன்னு நின்னுபோச்சு. சர்க்கரை வார்டு மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு. அவங்களுக்கு இன்சுலின் போட்டாச்சு. சாப்பாடு லேட்டானா மயங்கிடுவாங்க. டிரே எல்லாத்தையும் வெளி வராந்தாவுக்கு இழுக்கச் சொன்னேன். சமைக்காம குடுக்கக் கூடியது என்ன இருக்கோ அதை வெச்சு அந்த வார்டை முதல்ல அனுப்பினேன். அப்புறம் உப்பு ஆகாதவங்க, அப்புறம் மத்தவங்க. ஒரு டிரே மாறல.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— யாரும் இல்ல.

— அதான் கிச்சன் மேனேஜர் மேடம் உங்களைக் கூப்பிடறாங்க! சும்மா இரக்கப்பட்டா தர்றாங்க?

— நெருப்பு பிடிச்சா நான் நல்லாத்தான் இருப்பேன் வாலு. தினமும் நெருப்பு பிடிக்காதே! சூப்பர்வைசர்னா டியூட்டி போடணும், ஸ்டாக் பாக்கணும், யார் லீவு, யார் வரல... அந்த மாதிரி அமைதியான வேலைதான் எனக்கு எமன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்னு மேடம் வேற சொல்லி அனுப்பியிருக்காங்க. அதோட போன வருஷத்தை நீ மறந்துட்டியா?

— போன வருஷம் என்ன?

— இதே வேலை. இதே மேடம். "யோசிச்சு ரெண்டு நாள்ல போன் பண்ணுங்க"ன்னாங்க. நான் பண்ணல. மறந்துபோச்சு. எவ்வளவு ஆசைப்பட்ட வேலை தெரியுமா? உங்க அண்ணன்கூட "நான் ஞாபகப்படுத்தறேன், நீ டென்ஷன் ஆகாதே"ன்னு சொன்னார். அடுத்த வாரம் பாத்தா வேற ஆள் வந்து நிக்கறார். வீட்டுக்கு வந்து அழுதேன். "வழக்கம்போல மறந்துட்டியா"ன்னு கேட்டுட்டு டிவி பாக்கப் போயிட்டார். அன்னிலேர்ந்து மேடம் முகத்தை நிமிந்து பாத்ததில்ல. அவங்க இந்தப் பக்கம் வந்தா நான் அந்தப் பக்கம் டிரே தள்ளிட்டுப் போயிடுவேன். ஒரு போன் பண்ணத் துப்பில்லாதவ நாப்பது பேரை வெச்சு என்ன நடத்துவேன்?

— அண்ணி, ஒண்ணு கேளுங்க. நான் ரெண்டு வேலையில கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளப்பட்டவ. ஒரு கடையில, கஸ்டமர் போனைப் பிரிச்சுப் போட்டுட்டு டீ குடிக்கப் போய், டீக்கடைக்காரர் ரேடியோவை ரிப்பேர் பண்ணிட்டு சாயங்காலம் திரும்பி வந்தேன்.

— நிஜமாவா?

— ரேடியோ நல்லா பாடுச்சு. வேலை போச்சு. அப்ப எனக்கு என் மேல என்ன வெறுப்பு தெரியுமா? சோம்பேறி, பொறுப்பில்லாதவ, வாலு. இந்தப் பேரே அப்படித்தானே வந்தது? டாக்டர் சொன்ன அன்னிக்கு ஆஸ்பத்திரிப் படியில உக்காந்து அழுதேன். நிம்மதியில இல்ல. கோவத்துல! இத்தனை வருஷம் ஒரு கால் குட்டையா இருக்கறவளை "ஏன் நொண்டறே, ஏன் நொண்டறே"ன்னு அடிச்சிருக்காங்களே, நானும் சேந்து அடிச்சேனேன்னு. என்ன, கண்ணைத் துடைக்கறீங்க?

— உலை ஆவி. நீ பேசு.

— இப்ப நான் மறக்காம இருக்கப் பாக்கறதே இல்ல. அது தோத்துப்போற சண்டை. மறந்தாலும் வண்டி ஓடற மாதிரி வெச்சுக்கறேன். ஒரு போனைப் பிரிச்சா அந்த ஸ்க்ரூ அந்த டப்பாவுல, அந்த டப்பா என் மூக்குக்கு நேர. அது மூடற வரைக்கும் இன்னொண்ணு தொட மாட்டேன். காலைல அலாரத்துல பாட்டு வெச்சா அணைச்சுட்டுத் தூங்கிடுவேன், அதனால என் குரலையே பதிஞ்சு வெச்சிருக்கேன். "அடியே, மாத்திரை"ன்னு கத்துவேன்.

— மாத்திரை நிஜமாவே கேக்குதா?

— எனக்குக் கேக்குது. உங்களுக்கு எப்படின்னு உங்க டாக்டரைத்தான் கேக்கணும், என்னைக் கேக்காதீங்க. ஆனா மாத்திரையைவிட பெரிய மருந்து ஒண்ணு நம்மள மாதிரி ஆளுங்க சேந்திருக்கற எங்க குரூப்ல கத்துக்கிட்டேன். பக்கத்துல ஒரு ஆள்.

— என்ன ஆள்?

— சும்மா ஒரு ஆள். குரூப்ல ஒரு டாக்ஸி டிரைவர் இருக்கார், பாத்திரம் தேய்க்கணும்னா எனக்குப் போன் போடுவார். நான் இங்க துணி மடிப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டோம். குழாய்ல தண்ணி விழற சத்தம் மட்டும் கேக்கும். ரெண்டு பேர் வேலையும் முடிஞ்சுடும். தனியா இருந்தா அந்தப் பாத்திரம் இன்னும் அங்கயே கிடக்கும். அட, அண்ணி, உங்க குழாய் சொட்டுதே! ஸ்பேனர் இருக்கா? ரெண்டே நிமிஷத்துல...

— வாலு! முதல்ல கதவு!

— ஆமா, கதவு. தேங்க்ஸ். பாத்தீங்களா? இதான் நான் சொன்ன ஆள்.

— சரி, எனக்கு ஆள் வேணும்னா எங்க போறது?

— இங்கதான் நிக்கறேனே! போனை எடுங்க, மேடத்துக்குப் போடுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன். நின்னுக்கிட்டு கதவு கழட்டிட்டு இருப்பேன்.

— இப்பவா? உங்க அண்ணன் வந்ததும் ஒரு வார்த்தை...

— அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க? அவர் வந்து அலமாரியைப் பாத்துட்டுக் கத்தி முடிக்கவே ராத்திரி ஆயிடும்.

— அவர் வேண்டாம்னுதான் சொல்வார்.

— நீங்க என்ன சொல்றீங்க? அண்ணி, என்னைப் பாருங்க. வேணுமா, வேண்டாமா?

— ...வேணும்.

— கேக்கல.

— வேணும்டி! ஒரு வருஷமா வேணும்! அந்த ஆள் டிரேவைத் தப்பு வார்டுக்கு அனுப்பும்போதெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறேன். அந்த நாற்காலியில நான் உக்காந்திருந்தா இப்படி நடக்குமான்னு தோணும். வேணும்!

— அப்ப பிடிங்க போனை. யோசிக்க ஆரம்பிச்சா விரல் நகராது, முதல்ல நம்பரை அழுத்துங்க, யோசிக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். ஸ்பீக்கர்ல போடுங்க. இன்னொண்ணு, சாரி சொல்லக் கூடாது. அந்த வார்த்தைக்கு இன்னிக்கு லீவு. உங்களுக்கு என்ன வேணுமோ அதைக் கேளுங்க. ஸ்டாக் எண்ண ஆள் வேணுமா, கேளுங்க. சுவத்துல போர்டு வேணுமா, கேளுங்க. கண்ணாடி போட்டவங்க யாராவது கண்ணாடிக்கு மன்னிப்புக் கேக்கறாங்களா?

— பயமா இருக்கு.

— இருக்கட்டும். பயந்துக்கிட்டும் அழுத்தலாம்.

— அடிக்குது... அடிக்குது வாலு...

— ஹலோ?

— மேடம், வணக்கம். நான்தான் மேடம். டிரே செக்‌ஷன்.

— ஓ! நீங்களே பேசறீங்களா?

— ஆமா மேடம். அந்த சூப்பர்வைசர் வேலை... நான் எடுத்துக்கறேன்.

— எடுத்துக்கறீங்களா? உங்களுக்குச் சம்மதமா?

— சம்மதம் மேடம். ஆனா ரெண்டு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. போற போக்குல யாராவது ஒண்ணு சொன்னா எனக்கு நிக்காது. அதனால கிச்சன் சுவத்துல ஒரு பெரிய போர்டு வேணும், யார் எது சொன்னாலும் அதுல எழுதணும், நீங்களும்தான். ஸ்டாக் எண்ணறதுக்கு ஸ்டோர்ல இருக்கறவங்க ஒருத்தர் என்கூட நிக்கணும். அவங்க எண்ண வேண்டாம். பக்கத்துல நின்னா போதும், நான் எண்ணிடுவேன். இதெல்லாம் இருந்தா ஒரு டிரே மாறாது. அதுக்கு நான் பொறுப்பு.

— போர்டுதானே? இப்ப இருக்கறவரும் எழுதி வெச்சிருந்தா எனக்குப் பாதித் தலைவலி இருந்திருக்காது. ஸ்டோர்ல நான் சொல்லிக்கறேன். திங்கக்கிழமையிலேர்ந்து வந்துடுங்க.

— வரேன் மேடம். ரொம்ப தேங்க்ஸ். அப்புறம்... போன வருஷம் நான் போன் பண்ண மறந்துட்டேன் மேடம், அதுக்கு...

— அண்ணி! லீவு! அந்த வார்த்தைக்கு லீவு!

— யாரு அது?

— என் நாத்தனார் மேடம். மேடம், நான் சொல்ல வந்தது, போன வருஷம் மறந்துட்டேன். இந்த வருஷம் மறக்கல.

— மறந்தீங்களா? என்ன மறந்தீங்க?

— உங்களுக்குப் போன் பண்ண.

— உங்க வீட்டுல இருந்து போன் வந்ததே. உங்க வீட்டுக்காரர்தான் பண்ணினார். உங்களுக்கு இஷ்டமில்ல, எங்கிட்ட நேர்ல சொல்லச் சங்கடப்படறீங்க, அதைப் பத்தி உங்ககிட்ட பேச வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். அதனாலதான் நானும் இத்தனை நாள் பேசல. இன்னிக்குக் காலைலயும் பண்ணி அதையேதான் சொன்னார். அதான் நீங்களே பேசறீங்களான்னு கேட்டேன். ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

— அண்ணி, எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா எனக்குத் தெரியாது.

— ஹலோ?

— இருக்கேன் மேடம். ஒரு உதவி பண்ணணும். நாளைக்கும் அவர் போன் பண்ணுவார். பண்ணினா, நான் எதையும் மறக்கலன்னு அவர்கிட்ட சொல்லுங்க.