திங்கட்கிழமை போன்

— இன்னொருக்கா ஏறி நில்லுங்க சார். மிஷின் பொய் சொல்றாப்புல இருக்குது.

— பொய் இல்லைங்க சிஸ்டர். பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசா போட்டிருக்கேன்.

— எழுபத்தொம்பது. மூணு மாசத்துல பதினாலு கிலோ! தனசிங் சார், இந்த எளைக்கற ஊசி ஆராய்ச்சியில நீங்கதான் மொதல் ஆளு.

— ம்.

— என்ன ம்? எனக்குப் பயமா இருக்குதுங்க. இவ்வளவு வேகமா எறங்குனா ஆள நிறுத்தணும்னு ரூல் இருக்குது.

— நிறுத்தாதீங்க.

— குந்தாவுலருந்து ரெண்டு பஸ் மாறி, இந்த மிஸ்ட்டுல வந்துட்டுப் போறதுல அப்படி என்ன ஆசையோ.

— வர்ற வழி தெரியறதில்லைங்க. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இருக்காது. பஸ் ஓடுதா நிக்குதான்னு கூடத் தெரியாது.

— பசி?

— பசி எடுத்தா, எதிர் மலையில யாரோ யாரையோ கூப்பிடற மாதிரி கேக்கும். என்னைய இல்லேன்னு இருந்துருவேன்.

— மருந்துதான் போல. ஆராய்ச்சியில பாதிப் பேருக்கு வெறும் தண்ணிதான்; உங்க ஊசிப் பேனாவுல இருக்கறது எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. உங்க வீட்டம்மா ஷைனாதான ஊசி போடறாங்க?

— ஞாயித்துக்கிழமை, சர்ச் விட்டு வந்ததும். வயித்தக் கிள்ளிப் புடிச்சுட்டு, “கோழிக்கொழம்புக்கு முந்தியே குத்திடறேன், இல்லீன்னா தப்பிச்சிருவீங்க”ம்பா.

— மொத நாளு எனக்கே ஊசி போடச் சொல்லிக் குடுத்த மகராசியாச்சே. சரி, காலி பேனாவையெல்லாம் குடுங்க, எண்ணிக்கறேன்.

— பெட்டியிலயே இருக்குதுங்க.

— சார். பன்னெண்டும் மூடி தொறக்கவே இல்ல.

— ஆமாங்க.

— திங்கக்கெழமை திங்கக்கெழமை போன் போட்டு, ஷைனா நல்லா இருக்காங்களா, ஊசி போட்டாங்களான்னு கேட்டனே. போட்டாச்சு, போட்டாச்சுன்னு சொன்னீங்களே.

— சொன்னேன்.

— நாளைக்கு எத்தன பேரு இந்தக் கணக்க நம்பி ஊசி குத்திக்கப் போறாங்க, சாமி. நா உள்ளத எழுதித்தான் ஆகணும். எழுதுனா உங்க பேர அடிச்சிருவாங்க.

— பேர அடிக்கட்டுங்க. போன் மட்டும் வரட்டும்.

— உங்களுக்கு என்னமோ ஆகிப்போச்சு. ஷைனாவக் கூப்பிடுங்க, அவங்ககிட்டயே பேசிக்கறேன்.

— மூணு மாசத்துக்கு முந்தி இந்தப் பெட்டிய வாங்கிட்டுப் போனோமே, அந்த வாரமே அவளப் பொதைச்சாச்சுங்க சிஸ்டர். ஊர்ல எல்லாரும் நா எப்படி இருக்கேன்னுதான் கேக்கறாங்க. ஷைனா நல்லா இருக்காளான்னு கேக்கறது நீங்க ஒருத்தருதான்.