பொங்கப் பானை ஏறாத கொடை

அணா போய் நயா பைசா வந்த வருஷம். சாரல் சமயத்தில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பஸ்ஸில்தான் பழகியவர்கள் போலிருந்தது. மூத்தவள் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.

“எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்தச் சித்திரையில ஒருத்தியும் பொங்கப் பானை ஏத்தல.”

இளையவள் நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ! ஏன்க்கா?”

“வருசா வருசம் வில்லுப்பாட்டுப் பாடுதவளுக்குப் புருசன் செத்துட்டான். தாலியறுத்தவ அம்மன் முன்னால பாடக் கூடாதுன்னு கோயில் தலைவர் அவ பாட்டுச் செட்டையே வரவேண்டாம்னுட்டாரு. அவ பாட்டு இல்லைன்னா எங்க பொங்கலும் இல்லைன்னு பொம்பளைய எல்லாரும் சொல்லிட்டோம்.”

“தலைவர் வீட்டுலயாவது வச்சிருப்பாவளே?”

“அங்கதான் முதல்ல பானையைக் கவுத்தது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கவுத்தவ நாந்தான். அவரு என் வீட்டுக்காரரு.”

“அடிக்கலையா?”

“அறைஞ்சாரு. மத்த பொம்பளைய அத்தனை பேரும் வாசல்ல வந்து நின்னாவ. சாயங்காலம் அவரே வண்டி பூட்டிப் போயி அவளைக் கூட்டிட்டு வந்தாரு. அதுக்குள்ள பொங்கல் வைக்கிற நேரம் தாண்டிட்டு.”

இளையவள் மெதுவாகக் கேட்டாள்.

“அம்மன் கோவிச்சுக்கலையாக்கா?”

“அவ பாடப் பாட சாமியாடிக்கு அம்மன் வந்துட்டு. முதல் திருநீறு எப்பவும் தலைவருக்குத்தான். எங்க வீட்டுக்காரரு நெத்தியைக் காட்டிக்கிட்டு நிக்காரு. சாமி அவரைத் தாண்டிப் போயி, பாடுதவ நெத்தியில பூசிட்டு.”