லிஃப்ட்காரரின் கோப்பு

எனக்குப் படித்தால் மண்டையில் ஏறாது. எதையும் கையால் செய்து பார்த்தால்தான் பிடிபடும். சைக்கிளும் அப்படித்தான் கற்றேன், சமையலும் அப்படித்தான்.

ஓய்வூதிய நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வில் மூன்று முறை தோற்றவன் நான். என் தங்கை கணவர் முதல் தடவையே தேறி, இப்போது எனக்கு மேலதிகாரி. "என்ன மச்சான், ஏழாம் பாடம் முடிஞ்சுதா?" என்று தினமும் கேட்பார். நான்காவது முறையும் தோற்றால் வேலை போய்விடும். வீட்டில் படிக்கலாம் என்றால் இருப்பது ஒரே அறை. "எத்தனை வாட்டி புரட்டினாலும் அதே பக்கத்துலதான் நிக்கிறீங்க" என்பாள் மனைவி. உண்மைதான். ஏழாம் பாடம் ஓய்வூதியர் இறந்தால் செய்யவேண்டியவை பற்றியது. மூன்று முறையும் அதில்தான் சறுக்கினேன்.

பழகிப் பார்க்க அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. அது கெட்டுப்போய் ஒரு வருடம். அதனால் உண்மையான கோப்பு ஒன்றைத் திறந்தேன். மனைவி, பிள்ளை இல்லாதவராகத் தேர்ந்தெடுத்தேன்; வாரிசு இருந்தால் வேலை அதிகம். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் இயக்கியவர். அவர் இறந்ததாக ஒரு தேதி போட்டேன், ஓய்வூதியத்தை நிறுத்தினேன், கோப்பை மூடினேன். ஏழாம் பாடம் அன்றைக்குத்தான் புரிந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பழையபடி மாற்றிவிடலாம் என்றிருந்தேன். மூடிய கோப்பைத் திறக்க மேலதிகாரி கையெழுத்து வேண்டும் என்பது எட்டாம் பாடத்தில் இருந்தது. நான் அதுவரை போகவில்லை.

கையெழுத்து கேட்டால் தவறு பதிவாகும். தவறு பதிவானவர் அந்த வருடம் தேர்வு எழுத முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த நிலை. தேர்வுக்குப் பதினோரு வாரம் இருந்தது. ஒரு மனிதர் பதினோரு வாரம் பொறுக்கமாட்டாரா என்று நினைத்தேன்.

அடுத்த மாதமே வந்தார். சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

"தம்பி, இந்த மாசம் பணம் வரலையே."

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு சான்று வேணும் ஐயா."

"உங்க எதிர்லதானே உக்காந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது. கோப்புக்குத் தெரியணுமே."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். மருத்துவர் சான்று கேட்டேன், கொண்டுவந்தார். தேதி பழையதாகிவிட்டது என்று இன்னொன்று கேட்டேன். பிறகு கைரேகை, அப்புறம் இரண்டு சாட்சிகள். ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாத் தாள்களும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை.

ஆறாவது தடவை படியேறி வந்து மூச்சிரைத்தார். லிஃப்டில் வரக்கூடாதா என்று கேட்டேன்.

"முப்பத்திரண்டு வருசம் அந்தப் பெட்டிக்குள்ள நின்னாச்சு, போதும்பா" என்றார். பிறகு, "நெஞ்சு மாத்திரை தீந்து எட்டு நாளாச்சு. உங்களால ஏதாவது செய்ய முடியுமா?" என்றார்.

முடியும். பக்கத்து அறைக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். என் சட்டைப் பையில் தேர்வு நுழைவுச் சீட்டு இருந்தது.

"அடுத்த வாரம் வாங்க ஐயா" என்றேன். அவர் வரவில்லை.

தேர்வின் கடைசிக் கேள்விக்குப் பதினைந்து மதிப்பெண். உயிரோடு இருக்கும் ஓய்வூதியர் தவறுதலாக இறந்தவராகப் பதிவாகிவிட்டால் என்ன செய்யவேண்டும்? அன்றைக்கே திருத்தவேண்டும், அவரை ஒருமுறைகூட அலையவிடக் கூடாது என்று எழுதினேன். பதினைந்தும் கிடைத்தது.

தேறியவர்கள் மூடிய கோப்பைத் தாங்களே திறக்கலாம். நான் முதலில் திறந்தது அவருடையதைத்தான். அவர் தெருவுக்கே போய் விசாரித்து, சரியான தேதியைப் போட்டேன். அந்தத் திருத்தம் ஏன் என்றுதானே தணிக்கைக்கு வந்த நீங்கள் கேட்டீர்கள். இப்போது அந்தக் கோப்பில் ஒரு பிழையும் இல்லை.