மேடம் குரலில் நான் சொன்ன வழி

பெயர்: வயது பதினாறு என்பதால் பதியவில்லை. வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள், அதை எழுதலாமா என்று கேட்டேன், எழுதலாம் என்றார் போலீஸ் ஆய்வாளர் ஐயா. படிப்பு: பதினொன்றாம் வகுப்பு. இருப்பிடம்: லாரி நிறுத்தத்துக்கு எதிரே, அம்மாவின் பெர்மிட் அலுவலகத்து மாடி. உடன் இருப்பவர்: அம்மா.

நான் மேற்படி மாடியில் அம்மாவுடனும் அம்மாவின் தம்பியான என் மாமாவுடனும் வசித்து வருகிறேன். நீளம், அகலம், உயரம், எடை இவற்றில் ஏதாவது ஒன்று சாலைக்கு அடங்காத சுமையை லாரியில் கொண்டுபோக அரசு அனுமதி வாங்கித் தருவது அம்மாவின் தொழில். அடங்காதது என்று அலுவலகத்தில் சொன்னால் அது சுமை, மாடியில் சொன்னால் அது நான். இதைச் சொன்னதும் விளையாட்டுப் பேச்சு வேண்டாம் என்று ஆய்வாளர் ஐயா கண்டித்தார். நடந்ததே என் விளையாட்டுத்தான், அதை எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பெரிய சுமை போகும்போது மாமா மஞ்சள் விளக்கு வைத்த ஜீப்பில் முன்னால் போவார். டிரைவர் அண்ணன் மாமாவின் ஜீப்பைப் பார்த்து டிரெய்லரை ஓட்டுவார். டிரெய்லருக்குப் பக்கத்தில் நீளக் கம்போடு ஒருவர் நடந்து வருவார், குறுக்கே தொங்கும் கேபிள்களைத் தூக்கிப் பிடிப்பது அவர் வேலை. அவருக்குக் கால்கள் நீளம், அதனால் எல்லாருக்கும் அவர் கொக்கு. அலுவலக வாசலில் அவரைப் பார்த்தால் "கொக்குன்னா ஒத்தக் கால்ல நிக்கணும்ல?" என்று நான் கேட்பேன், அவரும் கம்பை ஊன்றிக்கொண்டு ஒரு காலை மடக்கி நின்று காட்டுவார். பல முறை கேட்டிருக்கிறேன்.

அனுமதி கொடுப்பவர் சாலைத் துறை அதிகாரி ஒருவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கிடையாது, மேடம்தான். எந்தச் சாலையில் போக வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. ஆனால் சுமை நடுரோட்டில் நிற்கும்போது ஏதாவது தடங்கல் வந்தால் மேடம் வாயால் வழியை மாற்றிச் சொல்வார், எழுத்து பிறகு வரும். இப்படி ஒரு விதி எங்கும் இல்லை, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். அதற்காகச் சுமை போகும் அன்றைக்கு மட்டும் அம்மா தன் அலுவலகத்து வாக்கிடாக்கி ஒன்றை மேடத்திடம் கொடுத்துவிடுவார். மேடம் அதைத் தன் ஜீப்பிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார் என்பது அம்மாவின் நிரந்தரப் புலம்பல். எனக்கு அது ரொம்ப நாளாகத் தெரியும்.

யார் குரலில் வேண்டுமானாலும் எனக்குப் பேச வரும். தலைமை ஆசிரியர், டிரைவர் அண்ணன், செய்தி வாசிப்பவர் எல்லாரையும் வீட்டில் செய்து காட்டியிருக்கிறேன். மேடத்தை மட்டும் செய்யக் கூடாது, அவர் காதுக்குப் போனால் பிழைப்பு போய்விடும் என்று அம்மா தடுத்திருந்தார். அம்மா தடுத்ததால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினேன். மூக்கால் தொடங்கி, ஒவ்வொரு பேச்சையும் "புரியுதா, புரியலையா?" என்று முடிக்க வேண்டும். அம்மா செய்வதெல்லாம் அனுமதியோடு, நான் செய்வதெல்லாம் அனுமதியில்லாமல்.

கடந்த திங்கட்கிழமை, மறுநாள் நூற்றிருபது டன் டிரான்ஸ்பார்மர் ஒன்று நம் ஊர் ரவுண்டானா வழியாக வருகிறது, அதன் டிரெய்லருக்கு எண்ணி மாளாத சக்கரங்கள் என்று வகுப்பில் சொன்னேன். கதை விடாதே என்று சிரித்தார்கள். நாளைக்கு இடைவேளையில் பள்ளி வாசலுக்கே வரவழைக்கிறேன், கண்ணால் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு சாயங்காலம் அம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளிச் சாலை முழுவதும் சைக்கிளில் போனேன். சாலையின் அகலம் அளந்தேன், மரக்கிளைகளைப் பார்த்தேன், திருப்பத்தில் டிரெய்லரின் வால் எங்கே வரும் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தேன். பள்ளி வாசலில் ஒரு கேபிள் தாழ்வாகத் தொங்கியது, அதைக் கொக்கு பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவை விட நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அம்மா ஒரு வழியைப் பார்க்கப் போனால் முதலில் சாலைக்குக் கீழே இறங்கிப் பார்ப்பார். ஒவ்வொரு சிறுபாலத்தின் அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு உடையெல்லாம் சேறாகத் திரும்பி வருவார். சாக்கடை இன்ஸ்பெக்டர் வந்தாச்சு என்று நான் கேலி செய்திருக்கிறேன். பள்ளி வாசலை ஒட்டிச் சாலைக்குக் கீழே பழைய மூடு வாய்க்கால் ஒன்று போகிறது. அதன் மேலும் சைக்கிள் ஓட்டினேன். எனக்கு அது சாலையாகத்தான் தெரிந்தது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் மிச்சம் இருந்த வாக்கிடாக்கியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். இடைவேளை மணி அடிப்பதற்குச் சற்று முன்பு வயிற்று வலி என்று சொல்லி வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் நின்றேன். அனுமதியில் எழுதியிருந்த வழியில் வரும் பெரிய பாலத்தில் மேடம் இறங்கிக் காத்திருப்பார், வாக்கிடாக்கி செட் அவருடைய ஜீப்பில் கிடக்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. மாமாவின் குரல் வந்தது.

"மேடம், ரவுண்டானாவுல நிக்கிறோம். இடது பக்கம் திரும்பலாமா?"

"திரும்ப வேணாம். அங்க ஒரு லாரி படுத்துக் கிடக்கு. நேரா பள்ளிக்கூடத்து ரோட்ல விடுங்க. புரியுதா, புரியலையா?"

"புரியுது மேடம். ஆனா அது பெர்மிட்ல இல்லாத ரோடாச்சே?"

"பெர்மிட் குடுக்கறது நீங்களா, நானா?"

"நீங்கதான் மேடம்."

அதோடு முடிந்தது என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனால் மாமா மறுபடியும் வந்தார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. கனம் ஜாஸ்தி. அந்த ரோட்டுக்குக் கீழ வாய்க்கா கீய்க்கா ஏதாவது போகுதா?"

கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேசாமலே இருந்திருக்கலாம், மாமா காத்திருந்திருப்பார். ஆனால் மேடம் எதையும் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, அந்தக் குரலில் அந்தச் சொல் வராது. ஆகவே மேடம் என்ன சொல்வாரோ அதையே சொன்னேன்.

"பாக்காமலா சொல்றேன்? நேத்தே இறங்கிப் பாத்தாச்சு. வண்டிய எடுங்க."

"சரிங்க மேடம்," என்றார் மாமா. அவர் பெருமூச்சு விட்டது செட்டில் கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு.

அதன் பிறகு செட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மதில் மேல் என் வகுப்பு முழுக்க ஏறி உட்கார்ந்திருந்தது. முதலில் மாமாவின் ஜீப் கடந்தது, மாமா என்னைப் பார்க்கவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டு போனார். பின்னால் டிரெய்லர் நடக்கும் வேகத்தில் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கொக்கு என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏய் வாலு! பாத்தியா, உங்க ஸ்கூலுக்கே கரண்ட் கொண்டாந்துட்டோம். இனி ஃபேன் சுத்தலன்னு தூங்காத!"

"ஃபேன் சுத்தினாத்தான் தூக்கமே வரும், கொக்கே!" என்று நானும் கத்தினேன். மதில் மேல் இருந்த எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே கேபிளுக்குக் கம்பை உயர்த்தினார். அவர் நின்ற இடம் வாய்க்காலை மூடியிருந்த கல் பலகை. முன் சக்கரங்கள் அதைத் தாண்டிவிட்டன, நடுச் சக்கரங்களும் தாண்டிவிட்டன. அதன் பிறகு சாலையிலிருந்து, ரொம்பப் பெரிய பெட்டி ஒன்றை யாரோ மூடியதுபோல ஒரு சத்தம் வந்தது. டிரெய்லரின் பின்பக்கம் ஒரு புறமாக இறங்கியது. டிரான்ஸ்பார்மர் விழவில்லை. கொக்கு உட்கார்ந்தது தெரிந்தது. வலது கால் உடைந்த பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது. கேபிள் பிள்ளைகள் மேல் விழுந்துவிடும் என்று கம்பை மட்டும் அவர் விடவே இல்லை, டிரைவர் அண்ணன் இறங்கி ஓடிவந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டார். அவருடைய செருப்பு ஒன்று தனியாக ரோட்டோரம் கிடந்தது. கை தட்டல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வீட்டுக்குப் போய் வாக்கிடாக்கியை அதன் இடத்தில் சார்ஜில் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தான் வழியை மாற்றவே இல்லை, அன்று செட்டில் வாயே திறக்கவில்லை என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அது உண்மை. டிரைவர் அண்ணன் இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை, ஜீப் போன வழியில் போனேன் என்றார். அதுவும் உண்மை. கொக்கு அறுவை சிகிச்சையில் இருந்தார். மேடம்தான் வழியை மாற்றச் சொன்னார், நான் வாய்க்காலைப் பற்றிக்கூடக் கேட்டேன் என்று மாமா மட்டும் சொன்னார். அதுவும் உண்மை, அதை யாரும் நம்பவில்லை. சீக்கிரம் வீடு திரும்பக் குறுக்கு வழி பிடித்துவிட்டுப் பழியை அதிகாரி மேல் போடுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவே அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் மாமாவிடம் கேட்டார்.

"உண்மையச் சொல்லுடா. கண்ணு அசந்துட்டியா?"

"அந்தக் குரல் எனக்குத் தெரியாதாக்கா? கனவுல வந்தாக்கூட எழுந்து நிப்பேனே."

"அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?"

"அவங்க பொய் சொல்ற ஆளில்ல." மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதான் எனக்கும் புரியல."

மறுநாள் மாமா என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டார். "வாலு, நீ கீழ போய் நின்னு மெதுவா ஏதாவது பேசு. என் காது சரியா இருக்கான்னு பாக்கணும்," என்றார். நான் கீழே போய் நின்று மெதுவாக மாமா என்றேன். "நல்லாக் கேக்குதே," என்றார். "அப்ப காதுல இல்ல, மண்டைலதான் கோளாறு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதும் நான் சொல்லவில்லை. அதை விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை கொக்கின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டதாக மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இன்று காலை மாமாவை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வழக்கு பதிந்தால் சிறைக்குப் போவார், வெளியே வந்தாலும் இனி ஜீப்பில் ஏற முடியாது என்று வக்கீல் அம்மாவிடம் சொன்னார். அதன் பிறகுதான் அடுப்படியில் நின்றுகொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "செருப்பப் போடு," என்றார்.

மேற்கண்டதை இங்கே சொன்னபோது, மாமாவைக் காப்பாற்ற வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் பேசியா இவ்வளவு அனுபவம் உள்ளவர் ஏமாறுவார் என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். பேசிக் காட்டட்டுமா என்று கேட்டேன். காட்டு என்றார். மாமா பக்கத்து அறையில் இருப்பது எனக்குத் தெரியாது, கதவு லேசாகத் திறந்திருந்தது. நான் மேடம் குரலில், "ரவுண்டானாவுல யாரு நிக்கிறது? வண்டிய எடுங்க," என்று சொன்னேன்.

பக்கத்து அறையில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மேடம்," என்றார் மாமா.

ஆய்வாளர் ஐயா எழுதுவதை நிறுத்தினார். அம்மா என் கையைப் பிடித்திருந்தார், அதை விட்டார். மாமா கதவருகே வந்து அறைக்குள் மேடத்தைத் தேடினார், அதன் பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கேட்டேன்ல?" என்றார். "கீழ என்ன இருக்குன்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க மாமா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். "எம் மண்ட நல்லாத்தான் இருக்குக்கா," என்று அம்மாவிடம் சொன்னார். அழுதார்.

கொக்கிடம் இதை யார் சொல்வது என்று அம்மா கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன்.

சாலைக்குக் கீழே வாய்க்கால் இருக்கிறதா என்று மாமா கேட்டார், நான் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன் என்பதை மட்டும் தனி வரியாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது.

இதில் உள்ளவை யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, மிரட்டி வாங்கியதுமல்ல. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இவ்வளவையும் என் சொந்தக் குரலில் சொன்னேன்.

(ஒப்பம்)
வாலு

உடன் இருந்தவர்: (ஒப்பம்) தாயார்