நிஷிகாகி வீட்டு ஹெட்போன்கள்

— அவ்வளவுதானா அம்மா? பையில இன்னும் ஏதாச்சும் இருக்கா?

— அவ்வளவுதான் தம்பி. ரெண்டு ஹெட்போன், அதை மாட்டுற பொட்டி ரெண்டு. எதுக்கு எது ஜோடின்னு எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் எடுத்துக்குங்க.

— எடுத்துக்கிறேன். ஆனா ஒவ்வொண்ணையும் மாட்டிக் கேட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். கேக்காம வாங்கினா முதலாளி என் தோலை உரிச்சிடுவார். அப்புறம் அடையாளத்துக்கு உங்க இன்ஷூரன்ஸ் கார்டு குடுங்க. பழைய சாமான் விக்கிறவங்க பேரை எழுதி வெக்கணும்னு சட்டம்.

— இந்தாங்க.

— நிஷிகாகி ஷிசுயோ... அட, நீங்க நிஷிகாகி சார் வீட்டம்மாவா? நான் இசோமுரா. சார் வியாழக்கிழமை தவறாம வருவார். ரெண்டு மூணு மாசமா ஆளையே காணோமேன்னு நேத்துகூடப் பேசிக்கிட்டோம்.

— செப்டம்பர்ல போயிட்டார். கணையத்துல புத்துநோய். போன சனிக்கிழமைதான் நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிஞ்சுது.

— ...தெராடா ஐயா. தெராடா ஐயா, அந்த ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டுங்க.

— என்னய்யா? பாட்டு நல்ல இடத்துல போறப்ப வந்து தோளைத் தட்டுற. இதை மாட்டிட்டா எனக்கு இடி விழுந்தாலும் கேக்காதுன்னு தெரியுமில்ல?

— நிஷிகாகி சார் தவறிட்டாராம். இவங்க அவர் வீட்டம்மா.

— உக்காருங்க ஐயா. எழுந்திரிக்க வேண்டாம்.

— இல்லம்மா, நிக்கிறேன். என் பேர் தெராடா. முப்பது வருஷம் டாக்சி ஓட்டினவன். இந்த ஜன்னலோர நாற்காலி என்னுது, அந்தப் பக்கத்து நாற்காலி அவருது. காதை மூடின ஹெட்போன் நல்லதா, திறந்த ஹெட்போன் நல்லதான்னு ஏழு வருஷமா எங்களுக்குள்ள சண்டை. சத்தியமா சொல்றேன், அந்தச் சண்டைக்காகவே நான் மாடி ஏறி வருவேன்.

— அவர் சண்டை போடுவாரா?

— போடுவாராவா? என் ஹெட்போனைச் சோத்துக் குக்கர்னுவார். "குக்கரை மூடியாச்சா, சோறு வெந்துச்சா"ன்னு கேப்பார். நான் விடுவேனா? "உங்களுது வெறும் சல்லடை, அரிசி கழுவத்தான் ஆகும்"னுவேன்.

— வீட்ல ஒரு வார்த்தை பேச மாட்டார்.

— இங்க வாயை மூட மாட்டார்ம்மா.

— அப்படியா.

— பார்லி டீ குடிங்கம்மா. ஆறிப்போயிடும்.

— வேண்டாம் தம்பி. சீக்கிரம் பாத்து முடிச்சீங்கன்னா நான் கிளம்பிடுவேன். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். மட்சுமோட்டோவுல அக்கா இருக்கா, அங்க போறேன். இதெல்லாம் வீட்ல இருந்தா அந்த முதுகு ஞாபகம்தான் வருது.

— முதுகா?

— ரயில்வேல நேர அட்டவணை போடுற வேலை அவருக்கு. ஓய்வு பெத்த மறுநாள் ஜன்னலைப் பாத்து ஒரு நாற்காலி போட்டார். இதைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்தார். எட்டு வருஷம், எனக்கு முதுகைக் காட்டியே உக்காந்திருந்தார். சாவுக்கு வந்தவங்க எல்லாம் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. மனசு மரத்துப்போச்சு தம்பி. சுட்டாலும் உறைக்காது போல இருக்கு.

— சரிம்மா. சீக்கிரம் முடிச்சிடுறேன். முதல்ல இந்த மூடினது. காதை மூடுற கிண்ணம் ரெண்டும் வால்நட் மரம். பாருங்க, காதுல படுற பஞ்சு அப்படியே புதுசா இருக்கு, தலைப்பட்டியில ஒரு சுருக்கம் இல்ல. இதை மிஞ்சிப்போனா பத்து நாள் போட்டிருப்பார்.

— இசோமுரா, அது இந்தத் தெராடா சொல்லி வாங்கினதுப்பா. என் தொல்லை தாங்காம ஒரு நாள் மனுஷன் வாங்கிட்டார். அந்தப் பெரிய ஆம்ப்பும் அதோட வாங்கினதுதான். நான்தான் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தேன், என்ன கனம்.

— ஆம்ப்புன்னா அந்தக் கறுப்புப் பொட்டியா? எதுக்கு அவ்வளவு பெருசு?

— இது பிளேனார்ங்கிற வகைம்மா, இதுக்குச் சத்தத்தைத் தள்ளிவிட அந்தப் பெரிய ஆம்ப் வேணும். சாதா ஹெட்போன்ல ஒரு கூம்பு இருக்கும், அது ஆடும். இதுல கூம்பு இல்ல, ஒரு படலம். சோயாப் பால் காய்ச்சினா மேல ஆடை படியுமே, அத்தனை மெல்லிசு. அதை ரெண்டு பக்கமும் காந்தத்துக்கு நடுவுல கட்டியிருக்கும். அந்தப் படலம் முழுசா அசையணும்னா ஆம்ப் வலுவாத் தள்ளணும். வலு இல்லாத ஆம்ப்ல போட்டா பாட்டு வரும், ஆனா சாப்பிடாத ஆள் பாடுற மாதிரி இருக்கும். மாட்டிப் பாக்குறீங்களா?

— நானா? நான் ஒரு நாளும் மாட்டினதில்ல.

— ஒரு தடவை மாட்டிப் பாருங்கம்மா. விக்கிறதுக்கு முன்னாடி அவர் என்னத்தைக் கேட்டார்னாவது தெரிஞ்சுக்க வேண்டாமா?

— தெராடா ஐயா, அவங்களை வற்புறுத்தாதீங்க.

— பரவாயில்ல தம்பி. குடுங்க. ...பாரமா இருக்கு. காதை அமுக்குது.

— சோபு லைன் ரயில் இப்ப ஜன்னலுக்கு வெளிய போகப்போகுது பாருங்க. ...போச்சு. கேட்டுச்சாம்மா?

— என்ன கேக்குறீங்க?

— ஹா, இதுதான்ம்மா நான் சொல்றது. பாலமே அதிருது, அவங்களுக்கு ஒண்ணும் கேக்கல. மூடினதுன்னா மூடினதுதான். கழட்டுங்கம்மா. இசோமுரா, இப்ப அந்தச் சல்லடையைக் குடு.

— இது திறந்த வகைம்மா. பஞ்சைப் பாருங்க, தேஞ்சு தட்டையாயிடுச்சு. இடது பக்கம் தோல் உரிஞ்சு, சார் தானே நூல் போட்டுத் தைச்சிருக்கார். தினமும் போட்டது இதுதான். வெளிப்பக்கம் கம்பி வலை, பின்னாடி எதுவும் கிடையாது. மாட்டுங்க, இன்னும் பாட்டு வெக்கல.

— மாட்டிட்டேன்.

— அடுத்த ரயில் வருது. கேக்குதா?

— ...

— அம்மா? ரயில் சத்தம் கேக்குதா?

— கேக்குது. நீங்க பேசுறதும் கேக்குது. ஏன் கேக்குது? ரிப்பேரா?

— ரிப்பேர் இல்லம்மா, இதோட வாகே அதுதான். உள்ள இருக்கிற சத்தம் வெளிய போகும், வெளிய இருக்கிறது உள்ள வரும். அதனால பாட்டு ஒரு அறைக்குள்ள பாடுற மாதிரி காத்தோட்டமா இருக்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

— காதை மூடிக்கிட்டா ஒண்ணும் கேக்காதுன்னு நெனச்சேன்.

— எல்லா ஹெட்போனும் அப்படி இல்லம்மா.

— எட்டு வருஷமா இதைத்தானே தம்பி போட்டிருந்தார்.

— பஞ்சைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. ஏம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே.

— நான் பேசுவேன்.

— என்னம்மா?

— அவர் முகத்தைப் பாத்துப் பேசினா "ம்"னுவார், இல்லேன்னா எழுந்து போயிடுவார். அதனால நானும் பேச்சை விட்டுட்டேன். ஆனா அவர் இதை மாட்டிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டா என் வாய் தானாத் திறந்துக்கும். பின்னாடி உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே பேசுவேன். சொவருகிட்டப் பேசுற மாதிரி. சொவருக்கு எங்க காது இருக்குன்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லுவேன். இதை மாட்டாத நாள்ல நான் பேசினதே இல்ல. ஒரு நாள் முட்டி வலிக்குதுன்னு புலம்பினேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில வலிக்கு ஒட்டுற பிளாஸ்திரி இருந்துச்சு. அவருக்கும் முட்டி வலி போலன்னு நெனச்சேன். இன்னொரு நாள் பேரிக்கா திங்கணும் போல இருக்குன்னேன். நடந்துட்டு வந்தவர் கையில பேரிக்கா. தற்செயல்னு நெனச்சேன் தம்பி.

— அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா. அந்த மூடினதை வாங்கிட்டுப் போனாரே, ரெண்டு வாரம் கழிச்சு வந்து எங்கிட்ட, "தெராடா, சத்தம் பிரமாதம், ஆனா வீட்ல போட முடியல"ன்னார். ஏன்யான்னு கேட்டேன். "ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது"ன்னார். பாட்டே கேக்கலையா, காது டாக்டரைப் பாருன்னு நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன்.

— தெராடா ஐயா, கொஞ்சம் சும்மா இருங்க.

— இருக்கட்டும் தம்பி. அதெல்லாம் கேட்டிருந்தாப் பரவாயில்ல. முட்டி வலி, பேரிக்கா, எதிர் வீட்டுக்காரி சண்டை, அதெல்லாம் கேட்டுட்டுப் போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டிருக்கக் கூடாது.

— என்னன்னு...

— ஜூலையில டாக்டர் ரெண்டு மாசம்னு சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் ஒண்ணும் பேசாம இதை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டார். அன்னிக்குமா ஒரு வார்த்தை இல்லன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. பின்னாடி துண்டு மடிச்சுக்கிட்டே சொன்னேன், "ரெண்டு மாசம்தானே, சீக்கிரம் போங்க. அதுக்கப்புறமாச்சும் நான் மட்சுமோட்டோ போய் நிம்மதியா மூச்சு விடுறேன்"னு. மெதுவாத்தான் சொன்னேன். ஆனா சொன்னேன். தம்பி, உங்களுக்கு இந்தத் தொழில் தெரியும். உண்மையைச் சொல்லுங்க. பாட்டு ஓடிக்கிட்டிருந்தா பின்னாடி பேசுறது கேக்குமா?

— அது ஆம்ப்பைப் பொறுத்ததும்மா. இந்தப் பெரிய ஆம்ப்ல போட்டுக் கேட்டார்னா, பாதிச் சத்தத்துக்கே வேற எதுவும் காதுல விழாது. அதுல போட்டாரா?

— அது அலமாரிக்குள்ள இருந்துச்சு. நாற்காலி பக்கத்துல இருந்தது இந்தச் சின்னது.

— இதா? இது இயர்போனுக்குப் போடுறதும்மா. இந்த ஹெட்போனை இது தள்ளவே தள்ளாது. சாருக்குத் தெரியாததா? நானே அவர்கிட்ட சொல்லியிருக்கேன், "பொருத்தமில்ல சார், மாத்துங்க"ன்னு. "எனக்கு இது போதும்"னுட்டார்.

— போதும்னாரா?

— கவலைப்படாதீங்கம்மா. வலு குறைவுன்னாலும் சத்தத்தை முழுசாக் கூட்டி வெச்சா, துணி மடிச்சுக்கிட்டு மெதுவாப் பேசுற பேச்சு அதுல அமுங்கிடும். கூட்டி வெச்சிருந்தா கேட்டிருக்காது.

— அப்ப கேட்டிருக்காது.

— எப்படிச் சொல்றீங்க?

— கூட்டுவார் தம்பி. நான் வாயைத் திறந்ததும் அவர் கை இந்தச் சின்ன ஆம்ப்போட சத்தக் குமிழுக்குப் போகும். ஒரு நாள்கூடத் தவறினதில்ல. எம் பேச்சு பிடிக்காமத்தான் கூட்டுறார்னு எட்டு வருஷமா எனக்கு அதுதான் வேதனை. அன்னிக்கும் கை போச்சு, நான் கண்ணால பாத்தேன். போகட்டும். இப்ப அதுவே நல்லதாப் போச்சு. அவர் காதுல விழுந்திருக்காது.

— அப்புறம் என்னம்மா. நிம்மதியாப் போங்க.

— ஒரு தடவை பாத்துடட்டுமா? இந்தச் சின்னதுல போட்டு. என் காதாலேயே கேட்டுட்டா மனசு ஆறும்.

— பாக்கலாம்மா. ஒரு பியானோ வெக்கிறேன், நடுவாந்தரமா. ...வருதா?

— வருது. நல்லா இருக்கு.

— நான் உங்க பின்னாடி வந்து நின்னு மெதுவாப் பேசுறேன். நீங்க சார் எப்படித் திருப்புவாரோ அப்படியே குமிழைத் திருப்புங்க. என் பேச்சு அமுங்கிடுதான்னு பாருங்க. தெராடா ஐயா, மூச்சு விடாம இருங்க.

— நான் எதுக்குய்யா பேசப்போறேன்.

— பேச ஆரம்பிக்கிறேன்ம்மா. இன்னிக்கு வெயில் நல்லா இருக்கு. துணி எல்லாம் காஞ்சிடுச்சு. ராத்திரிக்கு மீன் வாங்கலாமா, டோஃபு போதுமா...

— தம்பி.

— அமுங்கிடுச்சா?

— பாட்டு இறங்கிக்கிட்டே போகுது. ...இப்ப பாட்டே இல்ல. உங்க பேச்சு மட்டும்தான் கேக்குது.

— அது குறைக்கிற பக்கம்மா. வலது பக்கம் திருப்புங்க.

— இல்ல தம்பி. அவர் இந்தப் பக்கம்தான் திருப்புவார்.