குழம்புக்கா, வறுவலுக்கா?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்கிறதென்றால் சரி. முப்பது வருஷம் நூலகராக இருந்தவன் நான். எண் போட்டு அடுக்காமல் எனக்குப் பேச வராது. நம் நுகர்வோர் மன்றத்துக்கு இன்று மூன்று குறிப்புகள் எழுதி வந்திருக்கிறேன்.

1. கொரோனா நம் வீடுகளில் கறி வாங்கும் முறையை மாற்றியது.
2. வாங்குபவர் ஒருவர், சமைப்பவர் ஒருவர் என்றால் பண்டம் தப்பாகத்தான் வரும்.
3. கடையில் வாய் திறந்து கேளுங்கள்.

இதை வெறுமனே சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்... குட்டிக் கதைதான், பயப்படாதீர்கள்.

எங்கள் தெருமுனையில் காஜா பாய் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரிசை நிற்கும். வரிசையில் யார்? எல்லாரும் ஆண்கள். நானும் நின்றேன், ஒரு வாரம் தவறாமல். என்ன கேட்போம்? "பாய், ஒரு கிலோ கறி." அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இல்லை. எனக்குக் கூச்சம். மற்றவர்களுக்கு அவசரம்.

வந்தது ஊரடங்கு. ஞாயிறு முழு அடைப்பு. முதல் சனிக்கிழமை கூட்டத்தைப் பார்த்து போலீஸ் கடையைச் சாத்தச் சொன்னது. அடுத்த சனிக்கிழமை பயத்தில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். தொங்கவிட்ட ஆட்டில் பாதி அப்படியே நின்றது. காஜா பாய் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். மனைவி மைமூனிடம் சொன்னாராம்: "இந்த வாரத்தோட போதும். வெட்டுற கட்டையை விறகுக்குக் கொடுத்துடு."

அந்த நேரத்தில்... போன் அடித்தது. அடித்தது யார்? நான்தான்!

"பாய், ஒரு கிலோ கறி..."

"அவரு படுத்திருக்காரு சார். சம்சாரம் பேசுறேன். கறி எதுக்கு?"

"எதுக்குன்னா... சாப்பிடத்தாம்மா."

"பின்னே, தலைக்குத் தேய்க்கவா கேப்பீங்க? குழம்புக்கா, வறுவலுக்கா?"

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "இரும்மா, வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்பதற்குள் என் மனைவி லீலாவதி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஏம்மா, உன்னைத்தாம்மா இத்தனை வருஷமாத் தேடிட்டிருக்கேன்! வறுக்கலாம்னு போட்டா ஒரு துண்டு கரையுது, ஒரு துண்டு ரப்பராட்டம் நிக்குது. இவரு என்னடான்னா, 'எங்கம்மா வெச்சா பஞ்சு மாதிரி இருக்கும்'ங்கிறாரு."

"உங்க மேல தப்பே இல்லக்கா. சாரு 'கறி'ன்னு மட்டும் சொல்லுவாரு. இவரு கழுத்து, தொடை, நெஞ்செலும்பு எல்லாத்தையும் கலந்து கொத்திக் கொடுப்பாரு. அது எப்படிக்கா ஒண்ணா வேகும்?"

லீலாவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்... ஜன்னலைப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் அவள் பதினோரு வீட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். பதினோரு பெண்களும் மைமூனிடம் பேசினார்கள். மைமூன் கணவரை எழுப்பினாள்.

"எந்திரிங்க. லீலாக்கா வீட்டோட சேர்த்துப் பன்னெண்டு வீடு. வீட்டுக்கு ஒரு மாதிரி வெட்டணும்."

"இருபத்தஞ்சு வருஷமா வெட்டுறேன். எனக்கே பாடமா?"

"இத்தனை நாளா ஆம்பளைங்களுக்கு வெட்டுனீங்க. இனிமே அடுப்புக்கு வெட்டுங்க!"

அடுத்து வந்த சனிக்கிழமை காஜா பாயின் மொபெட் தெருவுக்குள் வந்தது. பொட்டலத்துக்குப் பொட்டலம் மைமூன் கையெழுத்து. 'பிலோமினாக்கா, சூப்பு, எலும்பு உடைச்சது.' 'சரோஜாக்கா, கோலா உருண்டை, கொழுப்பு வேண்டாம்.' எங்கள் வீட்டுப் பொட்டலத்தில், 'லீலாக்கா, வறுவல், எல்லாம் தொடை.' அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு துண்டுகூட ரப்பராக நிற்கவில்லை. எங்கம்மா பேச்சை நானும் எடுக்கவில்லை!

நோய் போனது. ஞாயிறு திறந்தது. இனி பழையபடி ஆகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனதா? வந்து பாருங்கள்! பாதி வரிசை பெண்கள். அன்று பாதி ஆடு விற்காத கடையில் இன்று நாலு ஆடு, ஒன்பது மணிக்குக் கொக்கி காலி. பக்கத்திலேயே இரண்டாவது கட்டை போட்டு மைமூன் வெட்டுகிறாள். காஜா பாயோ, கேட்காமல் கத்தியைத் தூக்குவதில்லை: "குழம்புக்கா, வறுவலுக்கா?"

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே... கேளுங்கள். அரிசிக் கடையில் கேளுங்கள், மருந்துக் கடையில் கேளுங்கள். விற்பவர்களும் கேளுங்கள், இது யாருக்கு, எதற்கு என்று. நான் ஒரு நாளும் கேட்காதவன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முடிக்குமுன்... கையிலிருக்கும் தாளைப் பார்க்கிறேன். கொரோனா மாற்றியது என்று எழுதியிருக்கிறேன். அது என்ன செய்தது? கடையைச் சாத்தியது. ஒரு மனிதனைச் சுவரைப் பார்த்துப் படுக்க வைத்தது. அடுத்த தெருவுக்கும் அதே நோய்தானே வந்தது? அங்கே மூன்று கறிக்கடைகள். மூன்றிலும் இன்றைக்கும் கலவைக் கறிதான், வரிசையில் ஆண்கள்தான். எங்கள் தெருவை மாற்றியது நோய் இல்லை, ஐயா... மைமூன்.

முதல் குறிப்பு தப்பு. எழுதிக்கொண்டவர்கள் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.